மாட்யூல் சரியாயிடுச்சு... வண்டி ஏன் இன்னும் மக்கர் பண்ணுது?

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' என்று சத்தம் மட்டும் வரும்; செல்ஃப் எடுக்காது. சரி, மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று கொண்டுபோய் நிறுத்தினால், அன்றைக்குப் பார்த்து ஒரு குறையும் இல்லாமல் ஜம்மென்று ஓடும்.

வெள்ளத்தில் நின்ற காரை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. எம்.கே.பி. நகரில் சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டும் அந்த ஐம்பது வயதுக்காரருக்கு, இதுவே ஒன்றரை வருடப் போராட்டமாகிவிட்டது.

எம்.கே.பி. நகர் என்றால் மகாகவி பாரதி நகர். வியாசர்பாடியை ஒட்டிய பகுதி. கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள் என்ற செய்தி வந்துவிடும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழை அந்தக் கணக்கிலெல்லாம் அடங்காதது. புயல் 5-ம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்து போய்விட்டது. வடசென்னையில் விட்டுப்போன தண்ணீர்தான் போகவில்லை.

தெருவில் நின்ற அவருடைய காரில் சீட் உயரத்துக்குத் தண்ணீர். மழைத் தண்ணீர் மட்டுமல்ல. கால்வாயும் சாக்கடையும் கலந்த கறுப்புத் தண்ணீர். அது வடிய மூன்று நாட்களாயின. அந்த வருடம்தான் கார் கடனை அடைத்து முடித்திருந்தார். கடன் முடிந்த கையோடு செலவைக் குறைக்கலாம் என்று, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தார். அந்த பாலிசி நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான். வெள்ளத்தில் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு அதில் ஒரு பைசா கிடைக்காது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் வீட்டுச் சாமான்களுக்கே போதவில்லை.

ஒன்று மட்டும் அவர் சரியாகச் செய்தார். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியை இழுத்துக்கொண்டு போய், ஆயில் எல்லாம் மாற்றி, சீட்டுகளை மொட்டை மாடியில் காயவைத்து, ஜனவரியில் இன்ஜின் உயிர் பெற்றது. ஆனால் கண்ணாடி, கதவு லாக், ஹெட்லைட் எதுவும் வேலை செய்யவில்லை. "பி.சி.எம். போயிடுச்சு" என்றார்கள்.

வீட்டுக்கு ஒரு பெரியம்மா

பி.சி.எம். என்பது 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்'. பழைய அம்பாசடர் காரில் ஹெட்லைட் சுவிட்சிலிருந்து வயர் கிட்டத்தட்ட நேராக லைட்டுக்குப் போகும். இன்றைய காரில் அப்படி இல்லை. சுவிட்சைப் போட்டால் 'லைட் வேண்டும்' என்ற தகவல் மாட்யூலுக்குப் போகும். அதுதான் ரிலேயை இயக்கி விளக்கை எரியவைக்கும். கூட்டுக் குடும்பத்தில் எதற்கும் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி. லைட், வைப்பர், ஹார்ன், கதவு லாக், கண்ணாடி என எல்லாவற்றுக்கும் அனுமதி அங்கிருந்துதான் வர வேண்டும்.

காரில் இப்படிப் பல மாட்யூல்கள் உண்டு. இன்ஜினுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று. இவை தங்களுக்குள் பேசிக்கொள்ள, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள் இருக்கும். 'கேன்' எனப்படும் இந்த முறையை 1986-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் ஓடுகின்றன.

அவருடைய காரில் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த மாட்யூலில் தண்ணீர் புகுந்து போர்டு அரித்திருந்தது. மாட்யூல் ரிப்பேர் செய்யும் கடை ஒன்றில் 12,000 ரூபாய் செலவழித்துச் சரிசெய்தார். லைட் எரிந்தது. கண்ணாடி ஏறியது. வீட்டில் அன்று பாயசம்.

பாயசத்தின் இனிப்பு மார்ச் மாதம் வரைதான். பிறகு ஒவ்வொன்றாக மக்கர் ஆரம்பித்தது. மாட்யூலைக் கழற்றிக்கொண்டு மறுபடியும் அதே கடைக்கு ஓடினார். அவர்கள் மேசைமேல் வைத்து கரன்ட் கொடுத்துக் காட்டினார்கள். அருமையாக வேலை செய்தது.

"போர்டுல ஒரு குறையும் இல்ல சார். வண்டியிலதான் இருக்கு."

"உன் போர்டு வந்த பின்னாடிதானப்பா வண்டி இப்படி ஆடுது?"

வாக்குவாதம் முற்றி, போகும்போது கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்தார். அடுத்த மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றினார். இன்னொருவர் ஆல்டர்னேட்டர் மீது சந்தேகப்பட்டார். அதையும் கழற்றிச் சரிபார்த்தாயிற்று. ஸ்கேனர் மாட்டிப் பார்த்த மூன்றாமவர், "மாட்யூலோட தொடர்பு இல்லைன்னு காட்டுது. புதுசா போட்டுடுங்க" என்றார். புது மாட்யூலின் விலையைக் கேட்டதும் அவர் மனைவி, "அதுக்கு இதைக் காயலான் கடையில போட்டுட்டு, நீங்க கம்பெனி வண்டி ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை அல்ல அது. பயத்தில் சொன்னது. அதற்கு இரண்டு நாள் முன்பு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இரவு பதினொரு மணிக்கு ஹெட்லைட் சட்டென்று அணைந்துவிட்டது. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள். பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். ஐந்தாறு விநாடிகளில் லைட் தானாகவே திரும்ப வந்தது. அதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. அன்றோடு இரவு சவாரியை நிறுத்தினார். ஏர்போர்ட்டுக்குப் போகும் விடியற்காலை சவாரிகள்தான் அவர் வருமானத்தில் பாதி.

பிளஸ் டூ நோட்டு

மூலக்கடைப் பக்கம் சின்ன ஷெட் வைத்திருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் யாரோ அனுப்பிவைத்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. வண்டியைத் தொடவே இல்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"அண்ணே, எந்த நேரத்துல மக்கர் பண்ணுது? மழை பெஞ்சா ஜாஸ்தியா? ஏசி போட்டாவா? எத்தனை நாள் நிறுத்தி வெச்சா பேட்டரி இறங்குது?"

"எப்ப வேணும்னாலும் பண்ணும் தம்பி. அதுக்கு ஏது நேரம் காலம்?"

"நேரம் காலம் இல்லாம எந்த வயரும் மக்கர் பண்ணாதுண்ணே. மூணு வாரம் எழுதி வெச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க. ராத்திரி மட்டும் ஓட்டாதீங்க."

எழுதும் வேலை பிளஸ் டூ படிக்கும் மகளிடம் போனது. பழைய இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டாள். தேதி, நேரம், வெயிலா மழையா, அப்போது எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, என்ன ஆனது. தினமும் சவாரி முடிந்து வந்ததும் அப்பாவைப் பிடித்துவைத்துக் கேட்டு எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது குழப்பம் தானாகவே மூன்றாகப் பிரிந்துவிட்டது. செல்ஃப் எடுக்காத நாட்கள் எல்லாமே திங்கட்கிழமைகள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் சர்ச்சுக்கு நடந்தே போய்விடும். சனி இரவு நிறுத்திய வண்டியைத் திங்கள் காலையில்தான் எடுப்பார். கண்ணாடி நின்றதும் டேஷ்போர்டு மங்கியதும், ஏசி, ஹெட்லைட், கண்ணாடி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியபோது மட்டும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவதோ, எல்லா நாளும். ஆனால் இடது பின்பக்கம் மட்டும்.

"ஒரு வியாதின்னு நெனச்சுதான் எல்லாரும் மருந்து குடுத்திருக்காங்க. இது மூணு வியாதிண்ணே" என்றார் எலெக்ட்ரீஷியன்.

போகும் கரன்ட் திரும்பவும் வேண்டும்

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து புறப்படும் கரன்ட், விளக்கையோ மோட்டாரையோ இயக்கிவிட்டு நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். போவதற்குத் தனித்தனி வயர், ஃபியூஸ் எல்லாம் இருக்கும். திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. ஆங்காங்கே வயர்களைச் சேர்த்து உடம்போடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இதைத்தான் எர்த் என்கிறார்கள்.

அந்த போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்தால், திரும்பும் வழி அடைபடும். கரன்ட் சும்மா இருக்காது. பக்கத்து வழியைத் தேடும். இடது பின் விளக்கின் எர்த் அரித்துப்போனதால், பிரேக் லைட்டுக்கு வந்த கரன்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்த மங்கல் வெளிச்சம். எலெக்ட்ரீஷியன் ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை அந்த விளக்கின் எர்த்திலும் பிடித்தார். இண்டிகேட்டர் அமைதியானது. முதல் வியாதி பத்து நிமிடத்தில் தெரிந்தது.

இரண்டாவதுதான் ஆளைக் கொல்லப் பார்த்தது. மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் அந்த இரண்டு வயர்களை முதலில் சோதித்தார். இரண்டு முனைகளிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். சரியாகக் காட்டியது. பேச்சு வழியில் பிரச்னை இல்லை. அப்படியானால் ஸ்கேனர் ஏன் 'தொடர்பு இல்லை' என்றது? ஒருவருக்கு போன் செய்தால் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வருகிறது. போன் கெட்டுப்போயிருக்கலாம், சார்ஜ் இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேனரால் அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

மாட்யூலின் எர்த்தை முந்தைய மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்து 'ஓகே' சொல்லியிருந்தார். ஏமாற்றம் அங்கேதான். ஓம் அளக்கும்போது மீட்டர் மிகமிகச் சிறிய கரன்ட்டைத்தான் அனுப்பும். ஒற்றை இழை மட்டும் மிச்சமிருக்கும் வயர்கூட அதில் தேறிவிடும். எலெக்ட்ரீஷியன் வேறு மாதிரி அளந்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, கண்ணாடியை ஏற்றியபடி, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மாட்யூலின் எர்த் வயரிலும் தொட்டார். எர்த் நன்றாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1 வோல்ட் வரை கவலை இல்லை. காட்டியது 2 வோல்ட்.

பக்கத்தில் நின்ற மகள் நோட்டிலேயே கணக்குப் போட்டாள். எல்லாம் ஓடும்போது அந்த எர்த்தில் சுமார் 20 ஆம்பியர். ஓம் விதிப்படி 2 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 0.1 ஓம். "இவ்ளோதானா? இது மீட்டர் வயர்லயே இருக்குமே!" என்றாள். அதனால்தான் ஓம் அளந்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. கார் குலுங்குவதுபோல எலெக்ட்ரீஷியன் அந்த வயரை விரலால் ஆட்டினார். மீட்டர் 6 வோல்ட்டுக்குத் தாவியது. ஓடும் வண்டியில் 14 வோல்ட் இருக்கும். அதில் 6 வோல்ட் வழியிலேயே தொலைந்தால் மாட்யூலுக்குக் கிடைப்பது 8. அது மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கிறது. அந்த ஐந்தாறு விநாடி இருட்டு அதுதான்.

டிரைவர் கால் பக்கத்துக் கார்பெட்டைக் கிழித்துப் பார்த்தால், போல்ட்டுக்கு அடியில் துரு. வயரின் செம்பு முழுக்கப் பச்சை. புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குத்துவிளக்கில் படியுமே, அந்தப் பச்சை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை புதுசு மாதிரி பளபளத்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல வயரின் மெல்லிய இழைகள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தெருவில் வெள்ளம் வடிந்தாலும் வயருக்குள் வடியாது. உப்பும் சாக்கடையும் கலந்த ஈரம், மாதக்கணக்கில் செம்பைத் தின்னும். ஜனவரியில் நன்றாக இருந்த வண்டி மார்ச்சில் படுத்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, திங்கட்கிழமை நோய். வண்டியைப் பூட்டிவைத்து, மாட்யூல்கள் எல்லாம் 'தூங்கும்' வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் போகிறது என்று அளந்தார். பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 0.6 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. சனி இரவிலிருந்து திங்கள் காலை வரை 34 மணி நேரம் என்று வைத்தால் 20 ஆம்பியர்-மணிக்கு மேல். அந்த அளவுக் காரின் பேட்டரியில் கணிசமான பங்கு காலி. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்ததில், கதவு சுவிட்ச் வயர்கள் சேரும் கப்ளர் ஒன்று இடது கதவின் படியோரம் கார்பெட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே சேறும் பச்சையும் சேர்ந்து பின்களுக்கு நடுவே பாலம் கட்டியிருந்தன. 'கதவு திறந்தே இருக்கிறது' என்று நம்பிய மாட்யூல், இரவு முழுக்கத் தூங்காமல் விழித்திருந்தது.

இரண்டு நாள் வேலை. துருவைச் சுரண்டி, அரித்த வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது டெர்மினல் போட்டு, கப்ளரை மாற்றி, ஈரம் சேராமல் இருக்க மேலே வாஸ்லின் தடவினார். புதிதாக வாங்கிய சாமான்களின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் உழைப்புக்கான கூலி. அவர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

மாட்யூல் சரிசெய்த கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் போர்டை ஒழுங்காகத்தான் சரிசெய்திருந்தார். அவர் மேசையில் எர்த் நன்றாக இருந்தது. பேட்டரி மாற்றச் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு பேட்டரி இறங்கித்தான் இருந்தது. ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைச் சரிசெய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வயரை யாரும் பின்தொடர்ந்து போகவில்லை. பணத்தைவிடப் பெரிய நஷ்டம், 'எல்லாரும் திருடனுங்க' என்ற எண்ணம் அந்த வீட்டில் ஒன்றரை வருடம் குடியிருந்ததுதான்.

உங்கள் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால்...

* ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், தண்ணீர் நின்ற அடையாளத்தோடு போட்டோ எடுத்து உடனே தகவல் சொல்லுங்கள்.

* எலெக்ட்ரிக், ஹைபிரிட் வண்டி என்றால் நீங்கள் எதையும் தொட வேண்டாம். ஆரஞ்சு நிற கேபிள்களில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்ட் இருக்கும். கம்பெனி சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

* சீட் மட்டும் காய்ந்தால் போதாது. கார்பெட்டையும் எடுத்து, அடியில் இருக்கும் கப்ளர்களையும் எர்த் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கானவை. டெஸ்ட் பல்பு வைத்து அவற்றைச் சோதிக்கவே கூடாது.

* மாட்யூலைச் சரிசெய்து மாட்டிய பிறகும் குறை இருந்தால், அடுத்த சாமானை மாற்றும் முன், எல்லா விளக்குகளையும் போட்டு எர்த்தில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

* பழைய கார் வாங்கும்போது சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால், அந்த வண்டி எங்கோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது.

எல்லாவற்றையும்விட, ஒரு பழைய நோட்டு வாங்கிக் காருக்குள் போட்டுவையுங்கள். எப்போது, எந்த நிலையில் மக்கர் செய்தது என்று எழுதிவைத்த நான்கு வரி, பல நேரங்களில் ஸ்கேனரைவிட அதிகம் பேசும்.

அவர் இப்போது விடியற்காலை ஏர்போர்ட் சவாரிக்குப் போகிறார். தெருவில் யாராவது, "மாட்யூல் போயிடுச்சாம், மாத்தணுமாம்" என்று புலம்பினால், அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எர்த் பாத்தீங்களா?"